கானுக்குள் இறங்கிய டெய்சி

டெய்சி வாயில் புறாவோடு ஓடி வந்தாள். கீழே புல்மேட்டிலிருந்து தோட்டத்து ரோட்டுக்கு ஏறி, உடம்பெல்லாம் ஈரம் சொட்ட, புறாவின் ஒரு இறகுகூடக் கலையாமல் கவ்விக்கொண்டு நேராக எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையை நோக்கி வந்தாள். ரோட்டின் நடுவில் ஒரு வெள்ளை முளை அடித்திருந்தது. அதன் பக்கத்தில் துரை குனிந்து இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றார். இன்னும் பத்து எட்டுத்தான். அதையும் வந்திருந்தால் அந்த வருடத்து வெள்ளிக் கோப்பை எங்கள் தோட்டத்துக்கு.

அவள் துரையை நிமிர்ந்து பார்த்தாள். வாலைத் தாழ்த்தினாள். மெல்ல ரோட்டோரத்துக்கு ஒதுங்கி, மழைத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கி, புறாவை வாயில் வைத்தபடியே உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

துரை விசில் ஊதினார். டெய்சி அசையவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் இன்னும் கொஞ்சம் ஓரமாக நகர்ந்து வழி விட்டாள். துரை அவள் வரட்டும் என்று காத்திருந்தார். அவள் துரை போகட்டும் என்று காத்திருந்தாள்.

கான்வாஸ் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த மற்றத் துரைமாரும் துரைசானிமாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் கையிலிருந்த சாண்ட்விச் புல்லில் விழுந்தது. எங்களுக்கு எல்லையாகக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம், நாய்களைக் கூட்டிக்கொண்டு வந்த நாங்கள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தோம். எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. டெய்சி என்ன செய்கிறாள் என்று எங்களுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அது நாங்கள் தினமும் செய்கிற காரியம்.

அந்தக் காரியத்தை அவளுக்குப் பழக்கியவன் நான்.

எனக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம்?

போன வாரம் இந்தப் பத்தியில் போகிற போக்கில் ‘நான் நாய்ப் போட்டிக்குப் போன காலத்தில்’ என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு தலவாக்கலை வாசகர் ஒருவர் கேட்கிறார்: துரைமார் விளையாட்டில் தோட்டக்காட்டானுக்கு என்ன வேலை? நியாயமான கேள்வி. நாற்பது வருடமாக நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். திம்புள்ளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கவ்வாத்துக் கங்காணி. தேயிலைச் செடிகளைக் குட்டையாக வெட்டிவிடுகிற ஆட்களுக்கு மேல் நின்று சத்தம் போடுகிற வேலை. எங்கள் துரையின் வாயில் எந்நேரமும் பைப் இருந்ததால் அவர் பைப்புத் துரை. அவருடைய முழுப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது, எங்களுடைய முழுப் பெயர் அவருக்கும் தெரியாது. அந்த விஷயத்தில் மட்டும் இரண்டு பக்கமும் சமம்.

டெய்சி சீமையிலிருந்து கப்பலில் வந்தவள். லாப்ரடோர் சாதி, பால் நிறையக் கலந்த தேநீரின் நிறம். சுட்டு விழுந்த பறவையைத் தேடி எடுத்து, பல் படாமல் கொண்டு வந்து எசமான் கையில் கொடுப்பதற்கென்றே பிறந்த நாய். வருடத்துக்கு ஒருமுறை துரைமார் எல்லாரும் தங்கள் நாய்களோடு அக்கரபத்தனைப் பக்கம் ஒரு புல்மேட்டில் கூடுவார்கள். யாருடைய நாய் ஒழுங்காகக் கொண்டு வந்து கொடுக்கிறது என்பதுதான் போட்டி. அதற்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி. அது அமெச்சூர் போட்டி. நாயின் சொந்தக்காரரே நாயை நடத்த வேண்டும். கூலிக்கு ஆள் வைக்கக் கூடாது.

குட்டியாக இருந்தபோது ஒருநாள் டெய்சியின் காதுக்குள் அட்டை ஏறிவிட்டது. பங்களா ஆட்கள் அட்டையைப் பிடித்து இழுக்க, அவள் வீடு இடிகிற மாதிரிக் கத்தினாள். அந்தப் பக்கம் போன நான் மடியிலிருந்த வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தேன். அட்டை சுருண்டு விழுந்தது. துரை பைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

“நீ நல்ல ஆள் மேன். நாளைக்கு இருந்து நாய் நீ பாரு.”

தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குக் கூலிக் கணக்கில் ஒரு பேர் போடுவார்கள். கவ்வாத்துக்குப் பேர் உண்டு, கான் வெட்டினால் பேர் உண்டு. நாய் பார்த்ததற்குப் பேர் கிடையாது. அது துரை என்மேல் வைத்த பிரியம். வேலை முடிந்து மூன்று மணிக்கு மேல், எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்தில் மற்றவர்கள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் நேரத்தில், நான் அந்தப் பிரியத்தைச் சுமந்துகொண்டு மலை ஏறுவேன்.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. சாக்குத் துண்டில் மணல் கட்டி, புறா இறகைச் செருகி, தேயிலைக்குள் வீசி எடுத்து வரப் பழக்கினேன். மெதுவாகக் கவ்வுவதற்குக் கோழி முட்டையை வாயில் கொடுத்தேன். முதல் மூன்று முட்டைகளை டெய்சி தின்றாள். நாலாவது முட்டைக்காக என் மனைவி சிவகாமியிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஐந்தாவது முட்டை முழுசாகத் திரும்பி வந்தது.

துரை வருகிற வழி

இதையெல்லாம் நான் வேண்டுமென்றே பழக்கினேன். வேண்டுமென்று பழக்காத ஒன்றும் இருந்தது.

அந்தக் காலத்தில் துரை ரோட்டில் வந்தால் நாங்கள் ரோட்டில் நிற்கக் கூடாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது இல்லை. பிறந்த பிள்ளைக்கும் தெரியும். தூரத்தில் பைப் புகை வாசம் வந்தாலே தலைத்துண்டை எடுத்துவிட வேண்டும். மழை பெய்தாலும் குடையை மடக்க வேண்டும். கானுக்குள் இறங்கி, தலையைக் குனிந்து, “சலாங்க தொரை” என்று நிற்க வேண்டும். துரை கடந்து போன பிறகு ஏறி வரலாம். கணுக்கால் வரை தண்ணீர், காலில் நாலு அட்டை. அது மரியாதையின் செலவு.

டெய்சியைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு மலைக்குப் போகும்போதும் அப்படித்தான். துரை வந்தால் நான் இறங்குவேன். சங்கிலி இழுக்கும், அவளும் இறங்குவாள். நான் தலை குனிவேன், அவளும் குனிவாள். இரண்டு வருடம் இப்படி நடந்தது. துரைக்கு ஒருநாளும் அது கண்ணில் படவில்லை. கானுக்குள் நிற்பதைப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

நாலு தலைமுறை

முதல் போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் நான் ஆபீசுக்குப் போயிருந்தேன். என் சொந்தக் காரியமாக.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த கையோடு வந்த சட்டம் தோட்டத்துத் தமிழர்களான எங்களை எந்த நாட்டவரும் இல்லை என்று ஆக்கிவிட்டிருந்தது. இத்தனை காலம் இங்கேயே இருந்தோம் என்று நிரூபித்து மனுப் போட்டால் பிரஜாவுரிமை தருவார்கள். நானும் போட்டிருந்தேன். என் அப்பா இந்தத் தோட்டத்திலேயே வேலை செய்து இந்த மண்ணிலேயே போனவர். அதற்கு அத்தாட்சி ஆபீஸ் அலமாரியின் மேல்தட்டில், செக்ரோல் என்கிற பழைய கூலிக் கணக்குப் புத்தகங்களில் இருந்தது. அதைப் பார்த்துத் துரை ஒரு கடிதம் கொடுத்தால் போதும். கடிதம் இல்லாமல் விசாரணைக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். பொகவந்தலாவையிலிருந்த என் சித்தப்பா குடும்பம் அப்படித் திரும்பி, இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவதற்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தது.

ஆபீஸின் தலைமை எழுத்தர், எங்களுக்குப் பெரிய கிளாக்கரையா, யாழ்ப்பாணத்துக்காரர். அன்று அவர் தட்டச்சு இயந்திரத்தில் மும்முரமாக இருந்தார். டெய்சியின் போட்டிப் பத்திரம்.

“உந்த நாய்க்குத் தகப்பன், பேரன், பேரன்ரை தகப்பன், எல்லாற்றை பேரும் கிடக்குது” என்றார், தலை நிமிராமல். பேரன் என்றால் அவர் ஊர்ப் பேச்சில் தாத்தா. “நாலு தலைமுறை. ஒவ்வொருத்தரும் எந்த ஊரிலை பிறந்தவை எண்டும் போட்டிருக்கு. எனக்கே அவ்வளவுக்குத் தெரியாது.”

“எனக்கு அப்பா ஒருத்தரு போதுங்க ஐயா” என்றேன்.

துரை வெளியே வந்தார். விஷயத்தைக் கிளாக்கரையா சொன்னார். துரை என்னைப் பார்த்தார்.

“நாய்ப் போட்டி முடியட்டும். கப் வந்தா லெட்டர் வரும். சரியா மேன்?”

கப் வரவில்லை. டெய்சி கானுக்குள் இறங்கிய கதையை மேலே சொன்னேன்.

வைத்தியர் வந்தார்

தோல்விக்குக் காரணம் கண்டுபிடிக்கத் துரை தீவிரமாக இறங்கினார். நுவரெலியாவிலிருந்து மிருக வைத்தியர் காரில் வந்தார். பல்லைப் பார்த்தார், காதைப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார். மீனெண்ணெய் எழுதிக் கொடுத்தார். டெய்சி மீனெண்ணெய் குடித்துவிட்டு, மறுநாள் துரையைக் கண்டதும் மினுமினுவென்ற மூக்கோடு கானுக்குள் இறங்கினாள்.

பிறகு துரைக்கு ஒரு யோசனை. நாய்க்குக் குளிர்ந்த தண்ணீர் பிடித்திருக்கிறது! அதனால் நான் தினமும் அவளைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டும், ஆசை தீர்ந்துவிடும். நிறுத்தினேன். நாயைத் தனியாக நிறுத்த முடியாது, நானும் நிற்க வேண்டும். பத்து நாளில் எனக்குச் சளி பிடித்தது. டெய்சிக்கு ஒன்றும் இல்லை.

உண்மையை நான் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ‘உங்களுக்கு நாங்கள் காட்டுகிற மரியாதையை நாயும் காட்டுகிறது’ என்று துரையிடம் எப்படிச் சொல்வது? அதைச் சொல்வதற்குக்கூட நான் கானுக்குள் நின்றுதான் சொல்ல வேண்டும்.

சொன்னது சிவகாமி. கொழுந்து நிறுக்கிற இடத்தில், கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். துரை அந்தப் பக்கம் வந்து, டெய்சியைக் காட்டி மறுபடியும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பொறுக்கவில்லை.

“தொரைங்க, நீங்க வந்தா நாங்க எறங்குறோம், அதுவும் எறங்குது. இதுக்கு எதுக்குங்க டாக்டரு? எங்க வீட்டு ஆளுக்கு இருமலு வந்ததுதான் மிச்சம்.”

நிறுவை நின்றுவிட்டது. கொழுந்துக் கூடைகளோடு நின்ற பெண்கள் எல்லாரும் திடீரென்று தங்கள் கால் விரல்களைப் பார்த்தார்கள். துரை ஒரு நிமிடம் சிவகாமியைப் பார்த்தார், பிறகு டெய்சியை, பிறகு என்னை. பைப் அணைந்திருந்தது. அவர் திரும்பிப் போய்விட்டார்.

“ஏம்புள்ள, வேலைக்கு வேட்டு வச்சிட்டியே” என்றேன்.

“வேல போனா என்னா, சளியாச்சும் போகும்” என்றாள்.

எனக்கு நடந்த பயிற்சி

மறுநாள் பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற நேரத்தில், துரை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“வேலு, கேளு மேன். நான் வரும். நீ கான்ல எறங்காதே. நாய் எறங்காதே. ரோட்டு நடுவு வா. துண்டு எடுக்காதே. குடை மடக்காதே. என்னைப் பார்க்காதே, போ. புரியுது?”

“மத்த ஆளுங்க, தொரை?”

“மத்த ஆள் எறங்கு. நீ மட்டும். கப் வரும் வரைக்கும்.”

ஆக, ஆயிரம் பேர் இருக்கிற தோட்டத்தில் ரோட்டில் நடக்கிற உரிமை எனக்கு வந்தது. நாயின் பெயரில்.

முதல் நாள் மூன்றரை மணி. வளைவுக்கு அப்பால் பைப் வாசம் வந்தது. துரை தெரிந்தார். நேராக நட என்று மனது சொல்கிறது. கால்கள் தம் பாட்டுக்குக் கானை நோக்கிப் போகின்றன. நான் இறங்கிவிட்டேன். டெய்சியும் இறங்கினாள். துரை தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். திரும்ப வளைவுக்குப் போய் மறுபடி வந்தார். நான் மறுபடி இறங்கினேன்.

நாலாம் நாள் டெய்சிக்குப் பிடிபட்டுவிட்டது. துரை வந்தார், அவள் ரோட்டு நடுவில் நிமிர்ந்து நடந்தாள். சங்கிலியின் மறுமுனையில் நான் கானுக்குள் நின்றேன். எனக்குப் பிடிபட இருபது நாளுக்கு மேல் ஆனது. துரை கடைசியில் நாய்க்குச் சொல்கிற வார்த்தையையே எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். “ஸ்டே, வேலு! ஸ்டே!”

ஒருநாள் நான் நின்றேன். துரை சந்தோஷத்தில் கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். யாருக்கு என்று தெளிவாகத் தெரியவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். பாதியை டெய்சிக்குக் கொடுத்தேன்.

லயத்தில் இதைப் பற்றிப் பலவிதமான பேச்சு. எனக்குத் திமிர் என்றார்கள் சிலர், பேய் என்றார்கள் சிலர். கானுக்குள் நின்றபடி என்னைப் பார்த்த முகங்களை இப்போதும் மறக்க முடியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அது வீரம் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று இன்னும் கூடுதல் வெட்கம்.

அமெச்சூர் ஆனேன்

அடுத்த வருடப் போட்டி நெருங்கியபோது புதுச் சிக்கல். துரையைப் பார்க்காமல் கடந்து போகச் சொல்லி டெய்சிக்குப் பழக்கியாயிற்று. அவள் அதை மனதார ஏற்றுக்கொண்டுவிட்டாள். ஒத்திகையில் துரை கையை நீட்டி நிற்பார். டெய்சி சாக்குப் பொட்டலத்தோடு ஓடி வருவாள். துரையை ஒரு மரம் மாதிரிச் சுற்றிக்கொண்டு, பின்னால் நிற்கிற என் கையில் கொண்டு வந்து கொடுப்பாள். பத்து தடவை செய்தாலும் பத்து தடவையும் அப்படித்தான்.

பக்கத்துத் தோட்டத்து நெட்டைத் துரைதான் போன வருடக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனவர். கிளப்பில் பார்க்கிற நேரமெல்லாம் எங்கள் துரையிடம் ‘கானில் தண்ணீர் எப்படி இருக்கிறது’ என்று விசாரிப்பாராம். ஆகவே எங்கள் துரை பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தார். நாயை நான் நடத்துவது. சொந்தக்காரன்தானே நடத்த வேண்டும்? அப்படியானால் நாயை என் பெயருக்கு எழுதிவிடுவது.

“இனி உந்த நாய் உன்ரை” என்றார் கிளாக்கரையா, பத்திரத்தை இயந்திரத்திலிருந்து உருவியபடி. பிறகு போட்டிப் பத்திரத்தை நிரப்பத் தொடங்கினார். நாயின் பெயர், நாய் பிறந்த நாடு, தகப்பன், தாத்தா. எல்லாம் கடகடவென்று போனது. சொந்தக்காரர் எந்த நாட்டவர் என்ற இடத்தில் விரல் நின்றது.

“இதுக்கு என்னத்தையடா எழுத?”

“அதுதானுங்களே ஐயா விசாரணையில இருக்கு.”

அவர் கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார்.

விசாரணைக்கு அழைப்பும் அப்போது வந்துவிட்டது. போட்டி முடிந்து ஐந்தாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை. துரை பழைய வார்த்தையையே சொன்னார். கப் வந்தால் கடிதம்.

பத்திரத்தைக் கொண்டு போய்ச் சிவகாமியிடம் காட்டினேன். அவள் டெய்சியின் தலையைத் தடவினாள். “நம்ம குடும்பத்துல வம்சம் தெரிஞ்சது இது ஒண்ணுதாங்க” என்றாள்.

போட்டியன்று நெட்டைத் துரை ஆட்சேபம் கிளப்பினார். இவன் கூலிக்கு நாய் பார்க்கிறவன், அமெச்சூர் இல்லை! எங்கள் கிளாக்கரையா தயாராக வந்திருந்தார். செக்ரோலை விரித்துக் காட்டினார். கவ்வாத்துக்குப் பேர் இருக்கிறது. நாய்க்கு ஒருநாள்கூடப் பேர் இல்லை. துரைமார் குனிந்து பார்த்தார்கள். மூன்று வருடமாகக் கூலி இல்லாமல் வேலை செய்திருக்கிறான், இவனைவிடச் சுத்தமான அமெச்சூர் கிடைக்கமாட்டான் என்று தீர்ப்பானது. என்னை வேலைவாங்கியதற்காக எங்கள் துரைக்குச் சிலர் கைகொடுத்தார்கள்.

வெள்ளை முளை

தூறல். டர்பன்டைன் மரங்களுக்கு மேல் மூடுபனி. நான் வெள்ளை முளைக்குப் பக்கத்தில் தலைத்துண்டோடு, குடை விரித்து, ரோட்டின் நடுவில் நின்றேன். நாற்காலிகளில் இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையில், குடைக்குள் நின்றும் என் துண்டு வேர்வையில் நனைந்தது. விதி எளிது. நாய் பறவையைக் கையில் கொடுக்கும் வரை சொந்தக்காரர் முளையை விட்டு அசையக் கூடாது.

துப்பாக்கி வெடித்தது. புறா கீழே புற்களுக்குள் விழுந்தது. நான் கையைக் காட்டினேன். டெய்சி பாய்ந்தாள். அவள் புல்லைப் பிளந்துகொண்டு போன அழகை எழுத எனக்குத் தெரியவில்லை. மூக்கை ஒரு தடவை தூக்கினாள், நேராகப் போய் எடுத்துவிட்டாள். நாற்காலிகளில் கைதட்டல். வெள்ளிக்கிழமைக் கடிதம் என் சட்டைப் பைக்குள் வந்துவிட்ட மாதிரியே இருந்தது.

அந்த நேரம் பார்த்து, ரோட்டின் மறுமுனையிலிருந்து நடுவர் நடந்து வந்தார். வயதான துரை, வெள்ளைத் தொப்பி, கைத்தடி. நாய் கொடுப்பதைக் கிட்ட நின்று பார்ப்பதற்காக வந்தார். அவர் கடமை.

நான் பழகியிருந்தது பைப்புத் துரைக்கு மட்டும். இது வேறு துரை.

எப்போது குடையை மடக்கினேன், எப்போது துண்டை எடுத்தேன், எனக்குத் தெரியாது. கணுக்காலில் சில்லென்று தண்ணீர் பட்டபோதுதான் தெரிந்தது. கானுக்குள் நிற்கிறேன். “சலாங்க தொரை” என்று என் வாய் சொல்லிக்கொண்டிருக்கிறது.

டெய்சி வந்தாள். முளைக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. அவள் ரோட்டின் நடுவில், நடுவருக்கு எதிரே, புறாவோடு நிமிர்ந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். இறங்கி வரவில்லை. ‘இதெல்லாம் விட்டுவிட்டோமே’ என்று கேட்கிற முகம். நான் ஏறிப் போய் முளைக்குப் பக்கத்தில் நின்ற பிறகுதான் புறாவை என் கையில் வைத்தாள்.

நடுவர் தன் தாளில் என்னவோ எழுதினார். கிளாக்கரையா பிறகு எனக்கு மொழிபெயர்த்தார்: “நாய் உறுதியாக நின்றது. நடத்துபவர் நிற்கவில்லை.”

கோப்பை மறுபடியும் நெட்டைத் துரைக்கு.

வெள்ளிக்கு முன்னால்

மூன்று நாள் ஆபீஸ் பக்கம் போய் நின்றேன். “இப்ப உள்ளுக்குப் போகாதை, துரை நல்ல கோவத்திலை இருக்கிறார்” என்றார் கிளாக்கரையா மூன்று நாளும். மூன்றாம் நாள் அவரே வருத்தப்பட்டார். நாயைப் பங்களாவில் கொண்டு வந்து விடச் சொல்லி உத்தரவு மட்டும் வந்தது. என் பெயரில் இருந்தாலும் நாய் துரையுடையதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை.

வியாழக்கிழமை காலை. நல்ல மழை. ஒரு கையில் குடை. மற்றக் கையின் மணிக்கட்டில் டெய்சியின் சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தேன். பங்களாவுக்குப் போகிற ஒடுங்கிய ரோடு. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் கான். வளைவில் பைப் வாசம் வந்தது.

எனக்குக் கொடுத்த சலுகை போட்டியோடு முடிந்துவிட்டது. நான் வழக்கப்படி கானை நோக்கித் திரும்பினேன். சங்கிலி இழுத்துப் பிடித்தது. டெய்சி ரோட்டு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். இழுத்தேன். நன்றாகத் தின்று வளர்ந்த நாய், மூட்டை மாதிரிக் கனம். அசையவில்லை. என் ஒரு கால் கானில், ஒரு கால் ரோட்டில். அப்படி நிற்க முடியாமல் வழுக்கி, ரோட்டுக்கே ஏறிவிட்டேன். ஒரு கை சங்கிலியில் மாட்டியிருந்ததால் குடையை மடக்க முடியவில்லை. துண்டை எடுக்க மூன்றாவது கை இல்லை.

துரை எனக்கு எதிரே வந்து நின்றார்.

“எறங்கு” என்றார்.

“நாயி எறங்க மாட்டேங்குதுங்க தொரை.”

அவர் டெய்சியைப் பார்த்தார். டெய்சி அவரைத் தாண்டி எங்கேயோ மலையைப் பார்த்தாள், அவர் கற்றுக்கொடுத்தபடியே. “டெய்சி, கம்” என்றார். அவள் காதைக்கூட ஆட்டவில்லை. மழை என் குடையில் விழுந்துகொண்டிருந்தது. துரையிடம் குடை இல்லை. தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் வடிந்து பைப்புக்குள் சொட்டியது.

நான் குடைக்குள், அவர் மழையில். அந்த நிலையில் பேசாமல் நிற்பது இன்னும் பயமாக இருந்தது. அதனால் பேசிவிட்டேன்.

“நாளைக்கு வெள்ளிக்கெழமைங்க. விசாரணை. எங்கப்பா இங்கதாங்க வேல செஞ்சாரு. இந்த ரோட்டுக் கானு அவரு வெட்டுனதுதாங்க. கடுதாசி வேணுங்க தொரை.”

துரை என்னை ரொம்ப நேரம் பார்த்தார். அந்தத் தோட்டத்தில் ஒரு ஆளின் முகத்தை நேருக்கு நேராக, அதே உயரத்தில், அவ்வளவு கிட்டத்தில் அவர் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பிறகு பைப்பைப் பையில் போட்டார். எங்களைக் கடந்து போக வேறு வழி இல்லை. கானுக்குள் காலை வைத்தார். தண்ணீர் சப்பாத்துக்குள் இறங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவது காலையும் வைத்தார். நாலு எட்டு அப்படியே நடந்து, எங்களுக்குப் பின்னால் ஏறினார்.

திரும்பிப் பார்க்காமல் சொன்னார். “பத்து மணி. ஆபீஸ் வா.”

பத்து மணிக்கு மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்றில் நான் கையெழுத்துப் போட்டேன். டெய்சி திரும்பத் துரைக்கு. அவளுடைய நாலு தலைமுறையும் அவளோடு போனது. மற்றதில் துரை கையெழுத்துப் போட்டார். என் அப்பா பெயரும் என் பெயரும், இரண்டே இரண்டு வரி. கிளாக்கரையா அதை மடித்துத் தரும்போது, “பத்திரமடா” என்றார். அந்த இரண்டு வரியின் தயவில்தான் நான் இன்றும் இந்த மலையில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். சித்தப்பா வீட்டிலிருந்து பிறகு கடிதங்கள் இந்தியக் கரையின் மண்டபம் முகாம் முத்திரையோடு வந்தன. கொஞ்ச காலத்தில் அதுவும் நின்றுபோனது.

ஆள் தைரியமாக நின்று கேட்டான் என்று லயத்தில் கதை பரவியது. சிவகாமி மட்டும் நம்பவில்லை. “சங்கிலி மாட்டிக்கிச்சுன்னு சொல்லுங்க” என்றாள். அவளிடம் மட்டும் ஒத்துக்கொண்டேன். இன்று உங்களிடமும்.

துரைமார் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. கானெல்லாம் தூர்ந்து புல் முளைத்துக் கிடக்கிறது. இப்போதும் ரோட்டில் பின்னாலிருந்து ஒரு ஜீப் வந்தால், தொப்பி போட்ட ஒரு அதிகாரி எதிரே வந்தால், என் கால்கள் தானாக ஓரத்தைத் தேடுகின்றன. அந்த நேரத்தில் மணிக்கட்டை யாரோ இழுத்துப் பிடிக்கிறார்கள். நான் நின்றுவிடுகிறேன்.